அமெரிக்காவில் அறிவியல் பிஎச்.டி.: விண்ணப்பத்துக்கு ஒன்றரை வருடம் முன்பே தொடங்க வேண்டிய வேலைகள்

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் பிஎச்.டி. விண்ணப்பப் படிவத்தை நிரப்ப ஒரு வார இறுதி போதும். அதில் எழுதுவதற்கு உருப்படியாக ஏதாவது வேண்டுமே, அதற்குத்தான் ஒன்றரை வருடம் ஆகிறது. நான் இதில் இறங்கியபோது கிடைத்த வழிகாட்டிகளில் பாதி காலாவதியானவை, மீதி முதுகலை படிக்கப் போகிறவர்களுக்காக எழுதப்பட்டவை. துறை அலுவலகங்களுக்கு எழுதிக் கேட்டும், ஏற்கெனவே அங்கே படிப்பவர்களை நச்சரித்தும்தான் பல விஷயங்கள் பிடிபட்டன. நீங்களும் அப்படி அல்லாட வேண்டாம் என்று வரிசைப்படுத்தி எழுதுகிறேன்.

இது அமெரிக்கக் குடியுரிமை இல்லாமல், வெளிநாட்டிலிருந்து இயற்பியல், வேதியியல், உயிரியல், கணிதம், புவி அறிவியல் போன்ற துறைகளுக்கு விண்ணப்பிப்பவர்களுக்கானது. கட்டணங்கள் அவ்வப்போது மாறும். பணம் கட்டும் நாளில் அந்தந்த அதிகாரபூர்வ தளத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

1. முதலில் பணக் கணக்கு

பலர் முதுகலை முடித்தால்தான் பிஎச்.டி. என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அமெரிக்காவில் பெரும்பாலான அறிவியல் துறைகள் இளங்கலை முடித்தவரை நேரடியாகவே பிஎச்.டி.யில் சேர்க்கின்றன. படிப்பு முடிய சராசரியாக ஐந்து, ஆறு வருடம் ஆகும். முதல் ஒன்றிரண்டு வருடம் பாடங்களும் ஒரு தகுதித் தேர்வும், அதன் பிறகு முழுநேர ஆய்வு.

முக்கியமான வித்தியாசம் பணத்தில் இருக்கிறது. முதுகலைக்குப் பெரும்பாலும் நீங்கள்தான் கட்டணம் கட்ட வேண்டும். அறிவியல் பிஎச்.டி.யில் டியூஷன் (பல்கலைக்கழகக் கல்விக் கட்டணம்) தள்ளுபடி, மருத்துவக் காப்பீடு, மாதச் சம்பளம் போல ஒரு ஸ்டைபெண்ட் மூன்றும் சேர்ந்து வருவதுதான் வழக்கம். ஸ்டைபெண்ட் பல இடங்களில் வருடத்துக்கு 30,000 முதல் 50,000 டாலர் வரை இருக்கும். அதற்கு ஈடாக வகுப்பு உதவியாளராகவோ ஆய்வு உதவியாளராகவோ வேலை செய்வீர்கள். நிதியே இல்லாமல் ஒரு அறிவியல் துறை பிஎச்.டி. இடம் கொடுத்தால், என் கருத்தில் அதை மறுப்பதுதான் நல்லது.

ஆக, செலவு முழுவதும் சேர்வதற்கு முன்புதான். பத்து இடங்களுக்கு விண்ணப்பிப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். விண்ணப்பக் கட்டணம் இடத்துக்கு ஏறத்தாழ 70 முதல் 125 டாலர். ஆங்கிலத் தேர்வு, தேவைப்பட்டால் ஜிஆர்இ எனும் மேற்படிப்பு நுழைவுத் தேர்வு, மதிப்பெண் அனுப்பும் கட்டணம் எல்லாம் சேர்த்தால் மொத்தம் 1,500 டாலரைத் தொட்டுவிடும். இந்தப் பணத்தில் பெரும்பகுதி நவம்பர், டிசம்பரில் போகும். வெளிநாட்டுப் பரிவர்த்தனைக்குத் திறந்துவிடப்பட்ட கார்டு ஒன்றை முன்கூட்டியே தயாராக வைத்திருங்கள்.

கட்டணத்தைக் குறைக்க வழி இருக்கிறது. சில துறைகள் இணையவழி அறிமுகக் கூட்டங்கள் நடத்தி, அதில் கலந்துகொள்பவர்களுக்குக் கட்டண விலக்குக் குறியீடு தருகின்றன. பல விலக்குகள் அமெரிக்கக் குடிமக்களுக்கு மட்டும்தான் என்றாலும், எல்லா இடத்திலும் அப்படி இல்லை. துறையின் ஒருங்கிணைப்பாளருக்கு நாலு வரி எழுதிக் கேட்டுவிடுங்கள். கேட்பதால் விண்ணப்பத்துக்கு எந்தப் பாதிப்பும் வராது. கட்டணம் கட்டிய பிறகு கேட்டால் திருப்பித் தர மாட்டார்கள், அதனால் முன்பே கேளுங்கள்.

2. பரிந்துரைக் கடிதம் எழுதப் போகிற மூன்று பேர்

எனக்குத் தெரிந்தவரை முடிவைத் தீர்மானிப்பது இதுதான். மதிப்பெண் ஒரு வாசல், அவ்வளவே. அதைத் தாண்டிய பிறகு, "இவர் ஆய்வுக்கூடத்தில் எப்படி வேலை செய்வார்?" என்ற கேள்விக்கு யார் என்ன பதில் எழுதியிருக்கிறார்கள் என்றுதான் தேர்வுக்குழு பார்க்கிறது.

கிட்டத்தட்ட எல்லாத் துறைகளும் மூன்று கடிதம் கேட்கும். "என் வகுப்பில் முதல் மூன்று பேரில் ஒருவர், ஒழுக்கமானவர்" என்று துறைத்தலைவர் எழுதும் கடிதம் எடுபடாது. நீங்கள் செய்த சோதனை மூன்று முறை சொதப்பியபோது என்ன செய்தீர்கள் என்று ஒரு இளம் ஆசிரியர் எழுதும் கடிதத்துக்கு அதைவிடப் பல மடங்கு எடை. பதவியின் உயரத்தைப் பார்த்து ஆளைத் தேர்ந்தெடுக்காதீர்கள். மூன்றில் குறைந்தது இரண்டு கடிதமாவது உங்கள் ஆய்வு வேலையை நேரில் பார்த்தவர்களிடமிருந்து வரட்டும்.

அப்படிப்பட்ட இருவர் அமைய, விண்ணப்பிக்கும் வருடத்துக்கு முந்தைய வருடமே ஆய்வுக்கூடங்களில் நுழைய வேண்டும். உங்கள் கல்லூரியில் ஆய்வு செய்யும் ஆசிரியர் யார் என்று பார்த்து, வாரத்துக்கு எட்டு, பத்து மணி நேரம் வேலை செய்யக் கேளுங்கள். ஆய்வே நடக்காத கல்லூரி என்றால் கோடைக்காலப் பயிற்சிகள்தான் வழி. ஜெனீவாவில் உள்ள செர்ன் துகள் இயற்பியல் ஆய்வகம், ஜப்பானின் ஒகினாவா அறிவியல் தொழில்நுட்பக் கழகம், சவுதி அரேபியாவின் மன்னர் அப்துல்லா பல்கலைக்கழகம் ஆகியவை பல நாட்டு மாணவர்களை எடுத்து, தங்கும் செலவுக்கும் பணம் தருகின்றன. இங்கே ஒரு பொறி: அமெரிக்காவில் தேசிய அறிவியல் நிறுவனம் நிதி தரும் ஆர்இயூ என்ற, இளங்கலை மாணவர்களுக்கான கோடைக்கால ஆய்வுத் திட்டங்கள் மிகப் பிரபலம். ஆனால் அந்த நிதி குடிமக்களுக்கும் நிரந்தரமாகத் தங்கும் உரிமை (கிரீன் கார்டு) பெற்றவர்களுக்கும்தான். வெளிநாட்டில் இருந்துகொண்டு அந்தப் பட்டியலை நாள்கணக்கில் அலசிக்கொண்டிருக்க வேண்டாம். பட்டமேற்படிப்பு ஆய்வு மாணவர்களுக்கு அதே நிறுவனம் தரும் ஜிஆர்எஃப்பி உதவித்தொகையும் இப்படித்தான்.

பயணம் செய்ய வசதி இல்லாதவர்கள் கணினி சார்ந்த ஆய்வைத் தேடலாம். வானியல், மரபணுத் தரவு, காலநிலைத் தரவு இவற்றில் பெரும்பகுதி பொதுவில் திறந்தே கிடக்கிறது. தொலைவிலிருந்து ஒரு பேராசிரியரின் மேற்பார்வையில் ஆறு மாதம் உழைத்தாலும் அது முழு மதிப்புள்ள ஆய்வு அனுபவம்தான்.

கேட்கும் முறை பற்றியும் சொல்லிவிடுகிறேன். செப்டம்பர் முதல் வாரத்தில் கேளுங்கள். "எனக்குப் பரிந்துரை எழுதுவீர்களா?" என்று மட்டும் கேட்டால் யாரும் மறுக்க மாட்டார்கள். "வலுவான கடிதம் எழுத முடியும் என்று நினைக்கிறீர்களா?" என்று கேளுங்கள். தயங்கினால் நன்றி சொல்லிவிட்டு வேறொருவரைத் தேடுங்கள். சம்மதித்தவருக்கு ஒரே மின்னஞ்சலில் இவற்றை அனுப்புங்கள்: சிவி (கல்வி, ஆய்வு விவரக் குறிப்பு), எஸ்ஓபி (விண்ணப்பத்தோடு தரும் ஆய்வு நோக்கக் கட்டுரை) வரைவு, பல்கலைக்கழகங்களின் பெயரும் கடைசித் தேதியும் உள்ள அட்டவணை, அவரிடம் நீங்கள் செய்த வேலை பற்றி அரைப் பக்கக் குறிப்பு. தேதி, என்ன கருவி, என்ன முடிவு என்று குறிப்பாக இருக்கட்டும். அவருக்கு உங்களைப் போல இருபது மாணவர்கள்.

"நீயே எழுதிக் கொண்டு வா, கையெழுத்துப் போடுகிறேன்" என்று சொல்பவர்கள் உண்டு. மூன்று பேரும் அப்படிச் சொன்னால் மூன்று கடிதமும் ஒரே நடையில் இருக்கும், படிப்பவருக்குப் பட்டென்று தெரிந்துவிடும். கடிதத்துக்குப் பதில் விரிவான குறிப்புகளைக் கொடுத்து, "உங்கள் பாணியில் எழுதினால் நன்றாக இருக்கும்" என்று பணிவாகச் சொல்லுங்கள். அது நேர்மையும்கூட.

3. எங்கே விண்ணப்பிப்பது

தரவரிசைப் பட்டியலை மூடிவையுங்கள். நீங்கள் படித்துப் பிடித்துப்போன ஆய்வுக் கட்டுரைகளை எடுத்து, அவற்றை எழுதிய மூத்த ஆய்வாளர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று பாருங்கள். ஒரு துறையில் உங்களுக்குப் பொருந்துகிற பேராசிரியர் குறைந்தது மூன்று பேராவது இருந்தால்தான் அது பட்டியலில் ஏற வேண்டும். ஒரே ஒருவரை நம்பிப் போனால், அவர் வேறு ஊருக்கு மாறிவிட்டாலோ நிதி இல்லை என்றாலோ நீங்கள் நடுவழியில் நிற்பீர்கள்.

அப்புறம், சேர்க்கை முறை துறைக்குத் துறை வேறு. இதைப் புரிந்துகொள்ளாமல் விண்ணப்பிப்பவர்கள்தான் நிறையப் பணத்தை வீணாக்குகிறார்கள். உயிரியலில் பெரும்பாலும் ஒரு பெரிய குடை போன்ற திட்டத்தில் சேர்ப்பார்கள். முதல் வருடம் இரண்டு, மூன்று ஆய்வுக்கூடங்களில் சில வாரங்கள் வீதம் சுழற்சியில் வேலை செய்துவிட்டு, பிறகு வழிகாட்டியைத் தேர்ந்தெடுப்பீர்கள். இயற்பியல், கணிதத்தில் குழுவே முடிவு செய்யும், வழிகாட்டி பிறகு. சூழலியல், புவி அறிவியல், பொறியியலின் பல பிரிவுகளில் மட்டும் ஒரு பேராசிரியர் முன்பே "இவரை நான் எடுத்துக்கொள்கிறேன்" என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை என்றால் விண்ணப்பம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் பயனில்லை. துறையின் 'அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்' பக்கத்தில் இது எழுதியிருக்கும்.

மூன்று வருட இளங்கலை முடித்தவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். சில பல்கலைக்கழகங்கள் அதை நான்கு வருடப் பட்டத்துக்குச் சமமாக ஏற்பதில்லை. அதை முன்கூட்டியே பட்டதாரிப் பள்ளி (பல்கலைக்கழகத்தில் முதுகலை, பிஎச்.டி. படிப்புகளைக் கவனிக்கும் பிரிவு) அலுவலகத்திடம் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

எட்டு முதல் பன்னிரண்டு இடங்கள் போதும். உயிர்மருத்துவத் துறைகளில் அமெரிக்க அரசின் பயிற்சி மானியங்கள் குடிமக்களுக்கும் கிரீன் கார்டு உள்ளவர்களுக்குமே போவதால், வெளிநாட்டவருக்கான இடங்கள் எப்போதும் குறைவு. அத்துடன் 2025இல் அமெரிக்க மத்திய அரசின் ஆய்வு நிதியில் ஏற்பட்ட குழப்பத்தால் சில பல்கலைக்கழகங்கள் சேர்க்கையைக் குறைத்தன. சில இடங்களில் கொடுத்த அனுமதியையே திரும்பப் பெற்றார்கள். அதனால் பட்டியலில் இரண்டு, மூன்று இடமாவது வேறு நாடுகளில் இருக்கட்டும். ஐரோப்பாவில் பல நாடுகளில் பிஎச்.டி. என்பது விளம்பரம் செய்து ஆள் எடுக்கும் வேலை. வருடம் முழுவதும் அறிவிப்பு வரும், பெரும்பாலும் முதுகலை கேட்பார்கள், விண்ணப்பக் கட்டணமும் அநேகமாக இருக்காது.

4. பேராசிரியருக்கு மின்னஞ்சல்

செப்டம்பர், அக்டோபர் சரியான காலம். பத்து வரிக்கு மேல் எழுதாதீர்கள். நீங்கள் யார் என்று ஒரு வரி. அவருடைய எந்தக் கட்டுரையைப் படித்தீர்கள், அதில் உங்களுக்கு எழுந்த கேள்வி என்ன என்று இரண்டு, மூன்று வரி. நீங்கள் செய்த ஆய்வு இரண்டு வரி. கடைசியாக, அடுத்த ஃபால் பருவத்துக்கு (ஆகஸ்ட், செப்டம்பரில் தொடங்குவது) மாணவர் எடுக்கிறாரா என்ற கேள்வி. சிவியைப் பிடிஎஃப் ஆக இணையுங்கள்.

"மதிப்பிற்குரிய ஐயா/அம்மா" என்று தொடங்கி ஐம்பது பேருக்கு ஒரே மின்னஞ்சலை அனுப்பினால் ஐம்பதும் குப்பைக்குப் போகும். பெயரையும் எழுத்துக்கூட்டலையும் சரிபாருங்கள். பதில் வராவிட்டால் இரண்டு வாரம் கழித்து ஒருமுறை நினைவூட்டலாம், அதற்கு மேல் வேண்டாம். பதில் வராததற்கு அர்த்தம் தேடாதீர்கள், பெரும்பாலும் அவர்கள் படிப்பதே இல்லை. குழு முடிவெடுக்கும் துறைகளில், "விண்ணப்பித்துவிட்டு வாருங்கள், பார்ப்போம்" என்ற பதில் வந்தால் அது மறுப்பும் இல்லை, வாக்குறுதியும் இல்லை.

5. தேர்வுகள்: கேட்டால் மட்டும் எழுதுங்கள்

பணம் அதிகம் வீணாகும் இடம் இது. ஜிஆர்இ பொதுத் தேர்வுக்குப் பெரும்பாலான நாடுகளில் 220 டாலர். உயிரியல் துறைகள் பலவும் மற்ற துறைகளில் கணிசமானவையும் அதைக் கைவிட்டுவிட்டன. ஒவ்வொரு துறையின் பக்கத்திலும் மூன்றில் ஒன்று எழுதியிருக்கும்: கட்டாயம், விருப்பம், ஏற்பதில்லை. உங்கள் பட்டியலில் ஒன்றுகூடக் கட்டாயம் என்று சொல்லவில்லை என்றால், நல்ல மதிப்பெண் வரும் என்ற நம்பிக்கை இருந்தால் மட்டும் எழுதுங்கள். ஏற்பதில்லை என்று சொன்ன இடத்தில் மதிப்பெண்ணைச் சிவியில் நுழைத்து அனுப்பாதீர்கள்.

ஜிஆர்இ பாடத் தேர்வு என்று பழைய வழிகாட்டிகள் பயமுறுத்தும். உயிரியல் தேர்வு 2021இலும் வேதியியல் தேர்வு 2023இலும் நிறுத்தப்பட்டுவிட்டன. இயற்பியலும் கணிதமும் இன்னும் உண்டு, சில கணிதத் துறைகள் அதைப் பொருட்படுத்துகின்றன.

ஆங்கிலத் தேர்வு வேறு விஷயம். டோஃபல், ஐஇஎல்டிஎஸ் மதிப்பெண் இரண்டு வருடம்தான் செல்லும், ஜிஆர்இ ஐந்து வருடம். ஆங்கில வழியில் பட்டம் பெற்றவர்களுக்குச் சில இடங்களில் விலக்கு உண்டு. அதற்குக் கல்லூரியிடமிருந்து கடிதம் வாங்க வேண்டியிருக்கும். இங்கே பலர் கவனிக்காதது: மொத்த மதிப்பெண் போதுமானதாக இருந்தாலும், வகுப்பு உதவியாளர் வேலைக்குப் பேச்சுப் பிரிவில் தனியாக ஒரு குறைந்தபட்சம் வைத்திருப்பார்கள். நிதியே அந்த வேலையை நம்பி இருக்கும் துறைகளில் அது பெரிய விஷயம்.

தேர்வை அக்டோபருக்குள் முடியுங்கள். டோஃபலிலும் ஜிஆர்இயிலும் நான்கு பல்கலைக்கழகங்களுக்கு மதிப்பெண்ணை இலவசமாக அனுப்பலாம். ஆனால் டோஃபலில் தேர்வுக்கு முன்பும் ஜிஆர்இயில் தேர்வு நாளிலும் அந்த நான்கையும் தேர்ந்தெடுத்துவிட வேண்டும். அதன் பிறகு ஒவ்வொன்றுக்கும் காசு. எனவே தேர்வுக்கு முன்பே பட்டியல் ஓரளவு தயாராக இருக்கட்டும்.

பெயர் பற்றி ஒரு எச்சரிக்கை. தேர்வுப் பதிவு, விண்ணப்பம் எல்லாவற்றிலும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே பெயர் இருக்க வேண்டும். இனிஷியல் உள்ளவர்கள், ஒற்றைப் பெயர் உள்ளவர்கள் இதில் நிறையச் சிரமப்படுகிறார்கள். பாஸ்போர்ட்டில் முதற்பெயர் இடம் காலியாக இருந்தால் அமெரிக்க விசாவில் அந்த இடத்தில் 'எஃப்என்யூ' (முதற்பெயர் தெரியவில்லை என்பதன் சுருக்கம்) என்று போட்டுவிடுவார்கள். பிறகு வங்கியிலிருந்து ஓட்டுநர் உரிமம் வரை அதுவே உங்கள் பெயராகத் தொடரும். திருத்த வேண்டுமானால் பாஸ்போர்ட்டை இப்போதே திருத்துங்கள்.

6. எஸ்ஓபியும் சிவியும்

எஸ்ஓபி என்பது ஆய்வைப் பற்றிய கட்டுரை. ஒன்றிலிருந்து இரண்டு பக்கம். சிறுவயதில் நட்சத்திரங்களைப் பார்த்து வியந்த கதையைத் தொடக்கத்திலிருந்து எடுத்துவிடுங்கள். தேர்வுக்குழு அதை நூற்றுக்கணக்கான முறை படித்திருக்கிறது. நேராக வேலைக்கு வாருங்கள்: எந்தக் கேள்வி, ஏன் அது முக்கியம், நீங்கள் உங்கள் கையால் செய்தது எது, என்ன கிடைத்தது, எது கிடைக்கவில்லை, அடுத்து என்ன செய்வீர்கள்.

'நாங்கள்' என்று எழுதும்போது கவனம். குழு செய்ததையும் நீங்கள் செய்ததையும் பிரித்துக் காட்டுங்கள். நேர்காணலில் அந்த இடத்தில்தான் தோண்டுவார்கள். கடைசிப் பத்தி மட்டும் பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் மாறும். அங்கே யாருடன், எந்தப் பிரச்சினையில் வேலை செய்ய விரும்புகிறீர்கள் என்று இரண்டு, மூன்று பேரைக் குறிப்பிட்டு எழுதுங்கள். ஒரு பல்கலைக்கழகத்தின் பெயர் இன்னொன்றுக்குப் போகும் கட்டுரையில் இருந்துவிடுவது நீங்கள் நினைப்பதைவிடச் சாதாரணமாக நடக்கிறது. அனுப்பும் முன் தேடிப் பாருங்கள்.

சில இடங்கள் தனியாக ஒரு சொந்தக் கட்டுரையும் கேட்கும். குடும்பச் சூழல், தடைகள், ஒரு பருவத்தில் மதிப்பெண் சரிந்ததற்கான காரணம் எல்லாம் அங்கே போகட்டும். எஸ்ஓபியை அதனால் நிறைக்க வேண்டாம்.

சிவி இரண்டு பக்கத்துக்குள். வெளியான கட்டுரை இல்லையே என்று கவலைப்படாதீர்கள். இளங்கலையிலிருந்து வருபவர்களில் மிகப் பலருக்கு இருக்காது. இந்தக் கவலையை வைத்துத்தான் போலி ஆய்விதழ்கள் பிழைக்கின்றன. பணம் கட்டினால் ஒரு வாரத்தில் வெளியிடுகிறோம் என்று மின்னஞ்சல் வந்தால் அழித்துவிடுங்கள். அப்படிப்பட்ட இதழில் வந்த கட்டுரை சிவியில் இருப்பதைவிட எதுவுமே இல்லாமல் இருப்பது மேல். நடந்துகொண்டிருக்கும் வேலையை 'தயாரிப்பில்' என்று எழுதலாம், ஆனால் கேட்டால் வரைவைக் காட்டும் நிலையில் இருக்க வேண்டும்.

7. போர்ட்டலில் ஏற்றுவது

விண்ணப்பத் தளங்கள் செப்டம்பர் வாக்கில் திறக்கும். அறிவியல் துறைகளின் கடைசித் தேதி பெரும்பாலும் டிசம்பர் 1 முதல் 15 வரை. திறந்தவுடன் கணக்குத் தொடங்கி, பரிந்துரையாளர்களின் முகவரியை முதலில் போடுங்கள். சில தளங்கள் உடனே அவர்களுக்கு இணைப்பு அனுப்பும். சில, நீங்கள் விண்ணப்பத்தைச் சமர்ப்பித்த பிறகுதான் அனுப்பும். இரண்டாவது வகையில் கடைசி நாள் இரவு சமர்ப்பித்தால் பாவம், அவர்கள் என்ன செய்வார்கள்? அவர்களுடைய நிறுவன முகவரியையே கொடுங்கள், ஜிமெயில் முகவரி சந்தேகத்தைக் கிளப்பும். கடிதத்தைப் பார்க்கும் உரிமையை விட்டுக்கொடுக்கிறீர்களா என்று ஒரு கேள்வி வரும். 'ஆம்' என்று கொடுங்கள், அதுதான் வழக்கம்.

கையில் இருக்க வேண்டியவை: பாஸ்போர்ட், எல்லாப் பருவங்களின் மதிப்பெண் பட்டியலும் ஒரே பிடிஎஃப்பாக, மதிப்பெண் முறையை விளக்கும் பின்பக்கத்தின் ஸ்கேன், தேர்வு மதிப்பெண், எஸ்ஓபி, சிவி. விண்ணப்பிக்கும் கட்டத்தில் அதிகாரபூர்வமற்ற பிரதியே பெரும்பாலும் போதும். முத்திரையிட்ட அசல் டிரான்ஸ்கிரிப்ட்டை (பல்கலைக்கழகம் தரும் மதிப்பெண் சான்று) இடம் கிடைத்த பிறகுதான் கேட்பார்கள். வெளி நிறுவனங்களிடம் பணம் கட்டி மதிப்பெண்ணை மதிப்பீடு செய்து வாங்குவதும் துறை கேட்டால் மட்டுமே. உங்கள் சராசரி மதிப்பெண்ணை நீங்களாகவே அமெரிக்காவின் நான்கு புள்ளி அளவுகோலுக்கு மாற்றிப் போடாதீர்கள். எந்த அளவுகோலில் பெற்றீர்களோ அதிலேயே கொடுத்து, அளவுகோலையும் குறிப்பிடுங்கள்.

கடைசித் தேதியின் நேரம் எந்த நேர மண்டலம் என்று பாருங்கள். அதைவிட நல்லது, மூன்று நாள் முன்பே சமர்ப்பித்துவிடுவது. சமர்ப்பித்த பிறகும் வாரம் ஒருமுறை உள்ளே போய், கடிதங்கள் வந்துவிட்டனவா என்று பாருங்கள். கடிதம் சில நாள் தாமதமானால் பெரும்பாலான துறைகள் பொறுத்துக்கொள்ளும், ஆனால் வராமலே போனால் யாரும் உங்களை அழைத்துச் சொல்ல மாட்டார்கள்.

8. நேர்காணல், அனுமதி, ஏப்ரல் 15

ஜனவரி, பிப்ரவரியில் நேர்காணல் வரும். உயிரியலில் அநேகமாக எல்லா இடத்திலும் உண்டு, கணிதத்தில் அபூர்வம். வெளிநாட்டவர்களுக்கு ஜூம் வழியாகத்தான். உங்கள் ஆய்வை இரண்டு நிமிடத்தில், துறை தெரியாதவருக்கும் புரியும்படி சொல்லிப் பழகுங்கள். "அந்தக் கட்டுப்பாட்டுச் சோதனையை ஏன் செய்யவில்லை?" என்பது போன்ற கேள்விக்குத் தெரியாது என்றால் தெரியாது என்றே சொல்லிவிட்டு, எப்படிக் கண்டுபிடிப்பீர்கள் என்று யோசித்துக் காட்டுங்கள். அவர்கள் பார்க்க விரும்புவது அதைத்தான்.

அனுமதிக் கடிதம் வந்ததும் மகிழ்ச்சியில் நிதிப் பத்தியைத் தாண்டிப் போய்விடாதீர்கள். ஸ்டைபெண்ட் 9 மாதத்துக்கா 12 மாதத்துக்கா? எத்தனை வருடம் உறுதி? டியூஷன் தள்ளுபடியில் மாணவர் கட்டணங்களும் அடங்குமா? பல இடங்களில் அடங்காது, வருடத்துக்குச் சில நூறு டாலரிலிருந்து ஆயிரத்துக்கு மேலும் போகலாம். பெருநகரத்தில் 42,000 டாலரும் சிறு ஊரில் 32,000 டாலரும் வந்தால், வாடகையைக் கழித்துவிட்டு ஒப்பிடுங்கள்.

பிறகு, சேர நினைக்கும் ஆய்வுக்கூடத்தில் இப்போது படிக்கும் மாணவர்களிடம் பேசுங்கள். பேராசிரியர் இல்லாத அழைப்பில், சராசரியாக எத்தனை வருடத்தில் முடிக்கிறார்கள், முடித்தவர்கள் எங்கே போனார்கள், யாராவது பாதியில் விட்டுப் போனார்களா என்று கேளுங்கள். பதிலைவிடப் பதில் சொல்லும் தயக்கம் நிறையச் சொல்லும்.

ஏப்ரல் 15 என்ற தேதியை நினைவில் வையுங்கள். பட்டதாரிப் பள்ளிகளின் கூட்டமைப்பு ஒன்றின் தீர்மானத்தில் ஏராளமான பல்கலைக்கழகங்கள் கையெழுத்திட்டிருக்கின்றன. அதன்படி, நிதியுடன் வரும் அனுமதிக்கு அந்தத் தேதிக்கு முன் பதில் சொல்ல உங்களை வற்புறுத்தக் கூடாது. "இந்த வாரத்துக்குள் சொல்லுங்கள்" என்று யாராவது நெருக்கினால், அந்தப் பல்கலைக்கழகம் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் தீர்மானத்தை நினைவூட்டலாம். போக மாட்டோம் என்று முடிவான இடங்களுக்கு உடனே தெரிவித்துவிடுங்கள். காத்திருப்போர் பட்டியலில் உள்ளவருக்கு அந்த இடம் போகும்.

9. ஐ-20, விசா, முதல் மாதச் செலவு

சேர்வதை உறுதி செய்ததும், மாணவர் விசாவுக்குத் தேவையான ஐ-20 என்ற சான்றைப் பல்கலைக்கழகத்திடம் கேளுங்கள். நிதி ஆதாரமாக அனுமதிக் கடிதமே பெரும்பாலும் போதும். வந்ததும் பெயர், பிறந்த தேதி, தொடங்கும் தேதி மூன்றையும் சரிபாருங்கள். பிறகு வரிசையாக: செவிஸ் (வெளிநாட்டு மாணவர்களைப் பதிவு செய்யும் அமெரிக்க அரசின் அமைப்பு) கட்டணம் 350 டாலர், டிஎஸ்-160 எனும் இணையவழி விசா விண்ணப்பப் படிவம், விசா விண்ணப்பக் கட்டணம் 185 டாலர், நேர்காணல் தேதி. டிஎஸ்-160இல் கடந்த ஐந்து வருடங்களில் பயன்படுத்திய சமூக ஊடகக் கணக்குகளைக் கேட்கிறார்கள். 2025 ஜூனிலிருந்து மாணவர் விசா கேட்பவர்கள் அந்தக் கணக்குகளைப் பொதுவில் திறந்து வைக்க வேண்டும் என்றும் அறிவித்திருக்கிறார்கள். விதிகள் அடிக்கடி மாறுவதால் தூதரகத் தளத்தைத் தவிர வேறு எதையும் நம்பாதீர்கள். நேர்காணல் தேதி கிடைப்பதுதான் கழுத்தைப் பிடிக்கும் இடம். ஐ-20 வந்த வாரமே முயலுங்கள். ஐ-20இல் உள்ள தொடக்கத் தேதிக்கு 30 நாளுக்கு முன்னால் அமெரிக்காவுக்குள் நுழைய முடியாது, விமான டிக்கெட் போடும்போது பாருங்கள்.

ஸ்டைபெண்ட் இருக்கிறதே என்று வெறுங்கையோடு போகாதீர்கள். ஆகஸ்டில் போய்ச் சேர்ந்தால் முதல் சம்பளம் செப்டம்பர் இறுதியிலோ அக்டோபர் தொடக்கத்திலோதான் வரும். அதற்குள் வாடகை, வைப்புத்தொகை, மாணவர் கட்டணம் எல்லாம் கேட்பார்கள். விமானச் செலவு போக மூவாயிரம், நாலாயிரம் டாலர் கையில் இருந்தால் மூச்சு விடலாம். சில துறைகள் முன்பணம் தருவதுண்டு. ஜூனிலேயே ஒருங்கிணைப்பாளரிடம் கேட்டுப் பாருங்கள். ஸ்டைபெண்டுக்கு வருமான வரியும் உண்டு, கடிதத்தில் உள்ள தொகை அப்படியே கைக்கு வராது.

10. ஒரு இடமும் கிடைக்காவிட்டால்

நடக்கும். நல்ல விண்ணப்பங்களுக்கும் நடக்கும், குறிப்பாக நிதி இறுகிய வருடங்களில். அதே விண்ணப்பத்தை அடுத்த டிசம்பரில் மறுபடி அனுப்பினால் பெரும்பாலும் அதே பதில்தான் வரும். இடைப்பட்ட வருடத்தில் ஆய்வு உதவியாளர் வேலை ஒன்றில் சேருங்கள், சம்பளம் குறைவாக இருந்தாலும் சரி. பலவீனமாக இருந்த கடிதத்துக்குப் பதில் உங்கள் வேலையைப் பார்த்த புதியவர் ஒருவரின் கடிதம் வரும், அந்த ஒரு மாற்றம் மற்ற எல்லாவற்றையும்விடப் பெரியது. துறைக்கு எழுதி எங்கே குறை என்று கேட்கலாம், பத்தில் ஒருவர் பதில் சொன்னால் அதிர்ஷ்டம். மூன்று பரிந்துரையாளர்களுக்கும் முடிவை மே மாதமே தெரிவித்துவிட்டு, அடுத்த சுற்றுக்கும் எழுதுவார்களா என்று அப்போதே கேட்டு வையுங்கள். செப்டம்பரில் கோப்பைத் தேடி எடுக்கும்போது பழைய அட்டவணையில் தேதிகளை மட்டும் மாற்றினால் போதும்.